வெற்றிலை இலைப் பூவும் ஒரு தலையாட்டலும்

ஒரு காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் படம் பிடித்தார். அப்போது என் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பைக்குள் சாமிக்குப் பறித்த பூ. அவர் தன் குசினி யன்னலுக்குப் பின்னால் நின்றார். சின்னக் கமெராவைக் கண்ணுக்கு எடுத்தார், இறக்கினார், என்னைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார். படம் பிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தத் தலையாட்டல்தான் அன்று முழுவதும் என்னோடு வந்தது. மத்தியானம் பஸ் ஏறி, மெத்ரோ மாறி, துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலையில் பெட்டி இறக்கும்போதும் அது என் பிடரியிலேயே இருந்தது.

பிள்ளைகளே, உங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்கு ஒரு தகப்பன் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். விட்ட நாட்டையும் வந்த நாட்டையும் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றார். நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குள் நான் செய்த கெட்டது ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் என் மகள் அபி வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் பூவைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் விடியப் பூப் பறிக்கப் போகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. வேலிக்கு வெளியே தலை நீட்டிய செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் சாமிக்கு உரியவை. எங்கள் வீட்டுக்கு எதிரே தேவாலயம் போகிற வேதக்காரர் வீடு. அவர்களுடைய அலரியில்தான் நான் அதிகம் பறித்திருக்கிறேன். அந்த வீட்டு மாமி வாசல் கூட்டிக்கொண்டே, மேல் கொப்பிலும் பூக் கிடக்கிறது என்று விளக்குமாற்றால் காட்டுவார். இந்தக் கனடாவில் விடியற்காலையில் ஒரு கறுத்த மனிதன் பையோடு வேலி ஓரம் நின்றால் அதற்கு வேறு பெயர். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே பறித்தேன்.

நாங்கள் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியிலிருந்து புறநகரான பியர்பொன்ட்ஸுக்கு வந்து ஒரு வரிசை வீட்டில் குடியேறிய முதல் இலையுதிர் காலம் அது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதற்குப் பின்னால் நகரசபைக்குச் சொந்தமான சின்ன மேப்பிள் காடு. செப்டெம்பர் மாதம் எல்லாச் செடியும் சாகத் தொடங்கும்போது அந்தக் காட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு செடி பூக்கத் தொடங்கியது. கீழ் இலைகள் வெற்றிலை மாதிரி. முதல் தடவை கண்டபோது உண்மையாகவே வெற்றிலைதான் என்று நினைத்து ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். விளிம்பில் அரம் போலப் பல், தடவினால் சொரசொரப்பு. மேலே இடுப்பளவு உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பூ, ஒவ்வொன்றும் மூக்குத்தியை விடச் சற்றுப் பெரிது. பலமுறை தோய்த்து வெளுத்துப்போன நீலச் சீலையின் நிறம். நடுவில் மஞ்சள். இன்னொன்றையும் கவனித்தேன்: ஒரே காம்பில் ஒரு பூவின் நடு மஞ்சளாக இருந்தது, அதன் பக்கத்துப் பூவின் நடு சிவந்து கறுத்திருந்தது. ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு முகத்தோடு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நவராத்திரி வந்துவிட்டது. ஒன்பது நாளைக்குப் பூ வேண்டும். கடையில் விற்கும் பூக்கள் குளிர்பெட்டியில் கிடந்து, யார் யாரோ மூக்கில் வைத்து மணந்து பார்த்தவை. மணந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்று என் மனைவி புனிதா அவற்றைத் தொடவே மாட்டாள். காட்டுப் பூவை யாரும் மணந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நான் பறித்தேன்.

எட்டாம் நாள் அந்தப் பூ தன் வேலையைக் காட்டியது. முதல் மூன்று நாள் வைத்த பூக்களை இன்னும் எடுக்காமல் தட்டில் ஒதுக்கி வைத்திருந்தோம். காலையில் சாமி அறையைத் திறந்தால் சரஸ்வதி படம், லட்சுமி படம், என் செத்துப்போன ஐயாவின் படம் எல்லாவற்றிலும் பஞ்சு. செடியில் இருந்து பறித்து ஒரு கிழமையாகியும் அந்தப் பூக்கள் உள்ளுக்குள் உயிரோடு இருந்து, விதை முற்றி, ஹீற்றர் காற்றில் வெடித்துப் பறந்திருந்தன.

புனிதா சேலைத் தலைப்பால் படங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இதென்ன பூவெண்டு ஆரிட்டயும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், நான் பறிப்பதை நானே காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்த மாரியில் நான் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு கிழமை வேலையில்லை. பெயர் தெரியாத பூவை வைத்ததால் வந்த வினை என்று புனிதா சொல்லவில்லை. ஆனால் கட்டுப் போட்ட கையோடு இருந்த எனக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போதெல்லாம் அவள் முகத்தில் அது எழுதியிருந்தது.

இருந்தும் அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடி அதே பூவைத்தான் பறித்தேன். படம் பிடிக்கப்பட்டது அப்போதுதான், நவராத்திரியின் நாலாம் நாள். அந்த நேரம் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. பரீட்சையும் எழுதியாயிற்று, கடிதத்துக்குக் காத்திருந்தோம். பதின்மூன்று வருடமாக என் அக்காவை நான் காணவில்லை. அவர் ஊரில், நான் இங்கே. கனடாக் கடவுச்சீட்டு கையில் வந்தால்தான் பயமில்லாமல் போய் வரலாம். ஒரு முறைப்பாடு, ஒரு படம், பைலுக்குள் ஒரு தாள் கூடினால் போதும் என்று நான் நம்பினேன். பூப் பறித்ததற்காக யாரும் குடியுரிமையை மறுக்க மாட்டார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் இங்கே பிறந்தவர்கள். நான் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு ஆட்கள் காணாமல்போன இடத்திலிருந்து வந்தவன்.

தலையாட்டலைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது ஒரு நாள் இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். இளம் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். முன்னால் ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்கு மூடிய ஒருவன், சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எங்களில் ஒருவனாக இருந்து பிடிபட்டவனைத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள். தலையாட்டி என்று சொல்லுவோம். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறியில் ஏற்றுவார்கள். என் முறை வந்தது. நான் நின்றேன். சாக்கு ஆடியது. ஆனால் ஒரு கை என்னைத் தள்ளிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவனைப் பிடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் பிறகு வரவில்லை. அன்றிலிருந்து எவராவது என்னைப் பார்த்துத் தலையாட்டினால் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு மிசியே ரேமோன், ஓய்வு பெற்ற பஸ் சாரதி, தனி ஆள், தினமும் காலையில் என்னைக் கண்டு தலையாட்டினார். தினமும் நான் திரும்பிப் பார்த்தேன்.

படம் பிடித்த பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒன்பது நாள் தொடங்கிய பூசையை நாலாம் நாளில் பூ இல்லாமல் விட எனக்கு மனமில்லை. யன்னலில் திரை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பறித்தேன். விஜயதசமியன்று வழக்கம் போலத் தேசிக்காயை, எலுமிச்சைதான், வெட்டி, குங்குமம் பூசி, கண் திருஷ்டி போக நாவூறு கழித்தோம். ஊரில் என்றால் அதை முச்சந்தியில் போடலாம். சாமிக்கு வைத்துக் கழித்த பூவைக் கால் படாத இடமாகப் பார்த்து மரத்தடியிலோ தண்ணீரிலோ விடலாம். இங்கே முச்சந்தியில் எறிந்தால் யாராவது படம் பிடிப்பார்கள். குப்பைப் பையில் போட மனம் ஒப்பாது. முதல் வருடம் செய்தது போலவே காட்டுக்குள் போய் ஒரு பெரிய மேப்பிள் மரத்தடியில் பஞ்சாகிப்போன பூக்களையும் தேசிக்காய்களையும் குவித்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம், எனக்கு விடுமுறை நாள், நகரசபையிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். செம்மஞ்சள் நிற மேற்சட்டை, கையில் தாள் பலகை. அபி பள்ளியால் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவர் ஒரு படத்தைக் காட்டினார். மரத்தடி, பூக்குவியல், சிவப்பில் தோய்ந்த தேசிக்காய்கள். பிரெஞ்சில் கதைத்தார், எனக்குப் பாதிதான் விளங்கியது. இதை வைத்தது நீங்களா என்கிறார் என்பது விளங்கியது. "பா முவா," நான் இல்லை, என்றேன். பொய் எவ்வளவு சுருக்கமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் சுற்றிப் பார்த்தார். வரிசையின் மூலையில் யாழ்ப்பாணத்துச் சுந்தரம் அண்ணையின் வீடு. அவருடைய வாசல் கதவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கும், நிலையில் குங்குமப் பொட்டு இருக்கும். எங்கள் வாசலில் அப்படி ஒன்றும் இல்லை. யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று நான் ஒன்றும் மாட்ட விட்டதில்லை. அந்த மனிதர் பேனையால் மூலை வீட்டைக் காட்டி, அங்கேயா என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு மூலை வீட்டுப் பக்கம் நடந்தார். நான் கதவைச் சாத்தினேன். அபிக்கு அப்போது பத்து வயது. அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றாள்.

"அப்பா, அது எங்கட தேசிக்காயெல்லோ? ஏன் தலையாட்டினீங்க?"

அவளுக்கு அந்த மைதானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டாள். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாக்குக்குள் இருந்தவனின் முகத்தை நான் அத்தனை வருடமும் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். இனி அதைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

மூன்று நாள் அண்ணையின் வீட்டுப் பக்கம் போகவில்லை. பஸ்ஸுக்கு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனேன். நாலாம் நாள் பார்த்தபோது அவருடைய கதவில் தோரணம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அபி அதைக் கண்டுவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். என் பிள்ளை என்னிடம் எதையும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறாள் என்று அப்போது விளங்கியது. அதற்குப் பிறகு எனக்குக் குடியுரிமை வந்தென்ன, வராவிட்டாலென்ன? அன்றே போனேன்.

"உள்ள வாரும் தம்பி, கதவைச் சாத்தும், குளிர் வருது," என்றார் அண்ணை. எனக்குத் தேத்தண்ணி வந்தது. நான் வாய் திறப்பதற்கு முன் அவரே தொடங்கினார். நகரசபை ஆள் வந்ததையும் எச்சரிக்கைத் தாள் ஒன்று தந்ததையும் சொன்னார். காட்டில் பூப் பறிக்கவும் கூடாது, ஒன்றும் போடவும் கூடாதாம். மனைவி பயந்துபோய்த் தோரணத்தைக் கழற்றிவிட்டாராம். "படத்தைப் பார்த்த உடனயே எனக்கு விளங்கிட்டுது ஆரின்ர வேலை எண்டு. குங்குமத்தை இப்பிடி அள்ளி அப்புறது உங்கட பக்கம்தான். நாங்கள் ஒரு பொட்டு வைப்பம், அவ்வளவுதான்."

"பொறகு அவனிட்ட என்ன சொன்னீங்க அண்ணை?"

"நான்தான் எண்டு சொன்னன். உமக்குப் பேப்பர் இன்னும் வரேல்லையெல்லோ. எனக்கு வந்து ஏழு வரியம். என்னை எங்க அனுப்பப் போறாங்கள், என்ர ஊர் சுன்னாகத்துக்கோ?" அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

அந்த இடத்தில் நான் நன்றி சொல்லி எழும்பி வந்திருக்கலாம். அவருக்கு மிச்சம் தெரியாது. தோரணத்தைப் பார்த்து அந்த ஆள் தானாக வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவன் தானா வரல்ல. உங்கட வீட்டக் காட்டி அங்கயா எண்டு கேட்டான். நான்தான் தலையாட்டினன்."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தலையாட்டல் என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலும் சாக்குகள் இருந்தன. கோப்பையை மேசையில் வைத்தார்.

"அதை நீர் சொல்லாமலே விட்டிருக்கலாம்," என்றார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது. குடியும்."

குடித்தேன். பாதித் தேத்தண்ணியில் அவர் எழும்பி உள்ளே போனார், திரும்பி வரவில்லை. அவருடைய மனைவிதான் கதவு வரை வந்தார். அண்ணை இன்றைக்கும் என்னோடு கதைக்கிறார். ஆனால் ஒரு சொல் யோசித்துக் கதைக்கிறார். அது எனக்கு உரியதுதான்.

அடுத்ததாக மிசியே ரேமோனிடம் போனேன். மரத்தடியில் கிடந்தது என்னவென்று காட்ட ஒரு தேசிக்காய், கத்தி, குங்குமச் சிமிழ் மூன்றையும் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவர் கத்தியைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், வேண்டாம் நன்றி என்று சாத்தப்போனார். விற்க வந்தவன் என்று நினைத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ. நான் படியிலேயே குந்தி, தேசிக்காயை வெட்டி, குங்குமம் தடவிக் காட்டினேன். அவர் குனிந்து, ஒரு விரலால் தொட்டு, மணந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பூனையின் படத்தை எடுத்துவந்தார். அதற்கு முந்தின வருடம் காணாமல்போன பூனை. அதைத் தேடித்தான் காட்டுக்குள் போய், சிவந்த குவியலைக் கண்டு இரத்தம் என்று நினைத்திருக்கிறார். நான் ஒரு வருடமாக அவரைச் சந்தேகித்தேன். அவர் அதே ஒரு வருடமாக என்னைப் பூனை கொன்றவன் என்று சந்தேகித்திருக்கிறார். படம் பிடித்ததும் அதற்குத்தான், அறிவித்ததும் அவர்தான். ஆகவே என் சந்தேகம் முழுப் பிழையும் இல்லை.

பூக்களை ஏன் மரத்தடியில் வைக்கிறீர்கள் என்று கேட்டார். சாமிக்குப் படைத்து முடிந்த பூ என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. "தியூ, ஃபினி," என்றேன். கடவுள், முடிந்தது. அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் தேவாலயப் பக்கம் கையைக் காட்டி, இங்கேயும் அப்படித்தான் என்றார். அதை நான் திருத்தவில்லை. பூவின் பெயர் அஸ்தெர் என்றும் அவர்தான் சொன்னார். காட்டுக்குள் பறிக்காதே, என் வேலி ஓரத்திலும் அது நிற்கிறது, அதில் பறி என்று கையால் காட்டினார். ஏன் தினமும் தலையாட்டுகிறீர்கள் என்றும் கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "பொன்ஜூர்," என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போல.

வீட்டுக்கு வந்து இவ்வளவையும் அபிக்குச் சொன்னேன். மைதானத்தையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இரண்டு வாங்கினேன். ஒன்றை எங்கள் கதவில் மாட்டினேன். மற்றதை அண்ணையின் மனைவியிடம் கொடுத்தேன். அது அவர்கள் கதவுக்கு வர நாலு மாதம் எடுத்தது.

குடியுரிமைக் கடிதம் அடுத்த வசந்தத்தில் வந்தது. அக்காவைப் போய்ப் பார்த்தும் வந்தேன். அதெல்லாம் வேறு கதை. இந்த வருடம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

நாங்கள் பூவும் தேசிக்காயும் குவித்த மேப்பிள் மரத்தடியில் போன வருடமே வெற்றிலை இலைகள் முளைத்திருந்தன. இந்தச் செப்டெம்பரில் அவை பூத்துவிட்டன. எங்கள் சாமி அறையில் பஞ்சான பூக்களின் விதைதான், வேறு எங்கும் மரத்தடியில் அவ்வளவு நெருக்கமாக நிற்கவில்லை. புனிதா அவற்றை வைக்கக்கூடாது என்கிறாள். ஒருமுறை படைத்துக் கழித்ததை மறுபடி படைப்பதில்லை, அதில் முளைத்ததும் அதுதானாம். சுந்தரம் அண்ணையிடம் கேட்டேன். அது சாமியுடையது, காணி நகரசபையுடையது, இரண்டு பக்கத்தாலும் நீர்தான் கள்ளன் என்றார். வெகு நாளைக்குப் பிறகு யோசிக்காமல் சொன்ன பகிடி. அபி மட்டும், "அது இங்கதானே முளைச்சது அப்பா, அதுக்குச் சாமி அறையெல்லாம் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. நவராத்திரி முதல் நாள் காலையில் பையோடு போய் அந்த மரத்தடியில் நின்றேன். பறிக்கவும் கை வரவில்லை, விட்டு வரவும் கால் வரவில்லை. அந்தக் குளிரிலும் இரண்டு தேனீக்கள் மஞ்சள் நடுவுள்ள பூக்களாகத் தேடித் தேடிப் போயின, சிவந்தவற்றைத் தொடவில்லை. தலையை நிமிர்த்தினால் மரங்களுக்கு ஊடாக மிசியே ரேமோனின் குசினி யன்னல். அவர் கோப்பியோடு நின்றார். என்னைக் கண்டு தலையாட்டினார். அது பொன்ஜூர்தான் என்று எனக்கு இப்போது தெரியும். நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, வழக்கம் போலத் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். வரிசையாக அந்த நீலப் பூக்கள் நின்றன.